யாக்கோப் கிறிஸ்டியன் யாக்கோப்சன்

யாக்கோப் கிறிஸ்டியன் யாக்கோப்சன் (செப்டம்பர் 2, 1811 - ஏப்ரல் 30, 1887) டென்மார்க் நாட்டைச் சேர்ந்த பியர் உற்பத்தியாளரும் தொழிலதிபரும் அறிவியல் புரவலரும் ஆவார். கோப்பன்ஹேகன் நகருக்கு வெளியே 1847ஆம் ஆண்டு கார்ல்ஸ்பெர்க் பியர் ஆலையை நிறுவியவர் இவரே. கைப்பழக்கத்தையும் பரம்பரை அனுபவத்தையும் மட்டுமே நம்பி நடந்துவந்த பியர் தயாரிப்பை, வெப்பமானி, நுண்நோக்கி, வேதியியல் ஆகியவற்றின் துணைகொண்டு நடைபெறும் தொழிலாக மாற்றியவர்களுள் முதன்மையான ஒருவராக இவர் கருதப்படுகிறார். தம் சொந்தச் செலவில் ஓர் ஆய்வகத்தை நிறுவிய இவர், அங்கு கண்டறியப்படும் எதனையும் இரகசியமாக வைத்திருக்கக் கூடாது என்று விதி வகுத்தார். அதன்படி அவ்வாய்வகத்தின் மிக மதிப்புவாய்ந்த கண்டுபிடிப்பு போட்டி ஆலைகளுக்கும் இலவசமாக வழங்கப்பட்டது. இறுதியில் தம் ஆலையை ஒரே மகனுக்கு விட்டுச் செல்லாமல், அறிவியல் வளர்ச்சிக்கான அறக்கட்டளை ஒன்றின் உடைமையாக்கினார்.

இளமையும் கல்வியும்

யாக்கோப்சன் கோப்பன்ஹேகனில் பிறந்தார். இவருடைய தந்தை கிறிஸ்டன் யாக்கோப்சன், யூட்லாந்துப் பகுதியின் உழவர் குடும்பமொன்றிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தலைநகருக்கு வந்து, பியர் ஆலைகளில் பணியாற்றிப் பின்னர் சொந்தமாகத் தொழில் நடத்தியவர். 1826ஆம் ஆண்டு அவர் நகரின் மையப்பகுதியில் ஓர் ஆலையை விலைக்கு வாங்கினார். வீடும் ஆலையும் ஒன்றாக அமைந்திருந்த அவ்விடத்தில்தான் யாக்கோப்சன் தந்தையிடம் தொழில் பயின்றார்.

முறையான பட்டப்படிப்பு எதையும் யாக்கோப்சன் மேற்கொள்ளவில்லை. ஆயினும் மின்னோட்டத்திற்கும் காந்தத்திற்கும் உள்ள தொடர்பை 1820இல் கண்டறிந்த இயற்பியலாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் நிகழ்த்திய விரிவுரைகளை ஆர்வத்துடன் கேட்டுவந்தார். இயற்கையின் விதிகளை அறிந்துகொள்பவனே கைத்தொழிலிலும் முன்னேற முடியும் என்ற நம்பிக்கை அவ்விரிவுரைகளின் வழியாக இவரிடம் வேரூன்றியது. 1835ஆம் ஆண்டு தந்தை இறந்தபோது யாக்கோப்சனுக்கு வயது 23. ஆலையின் பொறுப்பு இவரிடம் வந்தது. 1839ஆம் ஆண்டு லோரா ஹோல்ஸ்ட் என்பவரை மணந்தார். இவர்களுடைய மகன் கார்ல் 1842இல் பிறந்தார்.

அக்காலப் பியரும் அதன் குறைபாடும்

பியர் தயாரிப்பின் அடிப்படை எளிமையானது. வாற்கோதுமையை முளைக்க வைத்து உலர்த்தினால் மால்ட் கிடைக்கிறது. அதனை இடித்து வெந்நீரில் ஊறவைக்கும்போது மாச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. இந்த இனிப்புச் சாற்றை ஹாப்ஸ் எனும் கசப்புப் பூக்களுடன் கொதிக்க வைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் எனப்படும் மதுவத்தைச் சேர்க்க வேண்டும். ஈஸ்ட் சர்க்கரையை உண்டு ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஈஸ்ட் ஓர் உயிரி என்பதே பரவலாக ஏற்றுக்கொள்ளப்படவில்லை. முந்தைய வடிப்பில் எஞ்சிய நுரையையோ வண்டலையோ எடுத்து அடுத்த வடிப்பில் சேர்ப்பதே வழக்கமாக இருந்தது.

கோப்பன்ஹேகனில் அந்நாளில் தயாரிக்கப்பட்டது மேல்நொதிப்பு வகைப் பியர் ஆகும். இதில் ஈஸ்ட் மிதமான வெப்பத்தில் விரைவாகச் செயல்பட்டு மேற்பரப்பில் திரண்டு நிற்கும். இவ்வகைப் பியர் விரைவில் புளித்துக் கெட்டுவிடும். ஒரு வடிப்பின் சுவை அடுத்த வடிப்பில் இருக்காது. இதற்கு மாறாக, தெற்கு ஜெர்மனியின் பவேரியாவில் அடிநொதிப்பு முறை வழக்கிலிருந்தது. அங்கு ஈஸ்ட் தாழ்ந்த வெப்பநிலையில் மெதுவாகச் செயல்பட்டுத் தொட்டியின் அடியில் படியும். அதன்பின் பியர் குளிர்ந்த நிலவறைகளில் பல மாதங்கள் வைக்கப்பட்டுத் தெளிவடையும். சேமித்து வைத்தல் எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லிலிருந்தே லாகர் என்னும் பெயர் இதற்கு ஏற்பட்டது. தெளிவும் நீடித்த தரமும் கொண்ட இப்பியரை டென்மார்க்கிலும் தயாரிக்க வேண்டும் என்பது யாக்கோப்சனின் விருப்பமாயிற்று. தொடக்கத்தில் தம் தாயாரின் துணி வெளுக்கும் செப்புக் கொப்பரையில் இவர் சோதனைகள் செய்து பார்த்ததாகக் கூறப்படுகிறது.

மியூனிக் பயணம்

அக்காலத்தில் பியர் தொழில்நுட்பம் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டிற்குப் பரவியது பெரும்பாலும் ஆலைகளை நேரில் சுற்றிப் பார்ப்பதன் வழியாகவே ஆகும். ஆனால் அவ்வாறு பார்வையிடுவது எப்போதும் நேர்மையாக நடைபெறவில்லை. மியூனிக் நகரின் ஸ்பாட்டன் ஆலையைச் சேர்ந்த கேப்ரியல் செடில்மையரும் வியன்னாவின் ஆன்டன் டிரெகரும் 1833ஆம் ஆண்டு பிரித்தானிய ஆலைகளைச் சுற்றிப் பார்த்தபோது, உள்ளீடற்ற கைத்தடியொன்றில் சாற்றின் மாதிரிகளை இரகசியமாக எடுத்துச் சென்று அளந்து பார்த்தனர்.

அதே செடில்மையரிடம்தான் யாக்கோப்சன் மாணவராகச் சென்றார். செடில்மையர் தம் ஆலையின் செய்முறையை அவரிடம் மறைக்கவில்லை. 1845ஆம் ஆண்டு யாக்கோப்சன் மியூனிக்கிலிருந்து திரும்பியபோது அடிநொதிப்பு ஈஸ்ட் நிரம்பிய இரு கலங்களைத் தம்முடன் கொண்டுவந்தார். வெப்பம் மிகுந்தால் ஈஸ்ட் இறந்துவிடும். மியூனிக்கிற்கும் கோப்பன்ஹேகனுக்கும் இடையில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு உண்டு. கலங்களைத் தொப்பிப் பெட்டியொன்றில் வைத்து, குதிரை வண்டி நின்ற ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி அவற்றின்மீது குளிர்ந்த நீரை ஊற்றி அவர் காப்பாற்றி வந்தார் என்பது டேனிஷ் தொழில் வரலாற்றில் மிகவும் அறியப்பட்ட கதையாகும்.

ஈஸ்ட் உயிருடன் வந்து சேர்ந்தது. நீண்ட காலம் குளிரில் வைப்பதற்கேற்ற நிலவறை நகரில் அவருக்கு இல்லாததால், கோப்பன்ஹேகனின் பழைய கோட்டை மதில்களுக்கு அடியிலிருந்த அறைகளைப் பயன்படுத்த அனுமதி பெற்றார். அங்கு முதிர்ச்சியடைந்த பவேரிய முறைப் பியர் நகர மக்களிடையே நல்ல வரவேற்பைப் பெற்றது.

கார்ல்ஸ்பெர்க் ஆலை

1844ஆம் ஆண்டு தாயார் இறந்ததைத் தொடர்ந்து கிடைத்த மரபுரிமைச் செல்வம் புதிய ஆலைக்கு முதலாயிற்று. நெருக்கடி மிகுந்த நகரத்தை விட்டு, மேற்கே வால்பி என்னுமிடத்தில் இருந்த குன்றை யாக்கோப்சன் தேர்ந்தெடுத்தார். நிலவறைகள் தோண்டுவதற்கு ஏற்ற மேட்டுநிலமும் போதிய இடமும் அங்கு இருந்தன. 1847இல் திறக்கப்பட்ட கோப்பன்ஹேகன் - ரொஸ்கில்டே இரயில் பாதையும் அருகில் சென்றது. அப்போது ஐந்து வயதாகியிருந்த மகனின் பெயரையும் குன்றைக் குறிக்கும் சொல்லையும் இணைத்து ஆலைக்குக் கார்ல்ஸ்பெர்க் எனப் பெயரிட்டார். 1847 நவம்பர் 10ஆம் நாள் முதல் வடிப்பு நடைபெற்றது.

1867ஆம் ஆண்டு ஏற்பட்ட தீ விபத்தில் ஆலை பெரும் சேதமடைந்தது. யாக்கோப்சன் உடனடியாக அதனை மீண்டும் கட்டியெழுப்பினார். அடுத்த ஆண்டிலேயே கார்ல்ஸ்பெர்க் பியர் ஸ்கொட்லாந்திற்கு ஏற்றுமதியாயிற்று. ஆலை வளர்ந்தபோதும் பியர் நிலவறையில் இருக்க வேண்டிய காலத்தைக் குறைப்பதற்கு அவர் உடன்படவில்லை. இக்கொள்கையே பின்னர் தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பிணக்கின் மையமாயிற்று.

ஆய்வகமும் அறக்கட்டளையும்

பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் நொதித்தல் பற்றி வெளியிட்ட ஆய்வுகள் யாக்கோப்சனைப் பெரிதும் கவர்ந்தன. நொதித்தல் உயிரிகளின் செயல் என்றால், அவ்வுயிரிகளை ஆராயாமல் பியரின் தரத்தை உறுதிசெய்ய முடியாது என்று அவர் உணர்ந்தார். 1875ஆம் ஆண்டு கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தை நிறுவினார். இதில் வேதியியல், உடலியங்கியல் என இரு பிரிவுகள் அமைந்தன. பிந்தைய பிரிவே ஈஸ்ட் முதலான நுண்ணுயிரிகளை ஆராய்ந்தது.

1876ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாள் பத்து இலட்சம் குரோனர் மூலதனத்துடன் கார்ல்ஸ்பெர்க் அறக்கட்டளையை ஏற்படுத்தினார். இதன் நிர்வாகத்தைத் தம் குடும்பத்தாரிடமோ ஆலையின் அலுவலர்களிடமோ அவர் ஒப்படைக்கவில்லை. டேனிஷ் அரச அறிவியல் கழகம் தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும் ஐந்து அறிஞர்களிடம் ஒப்படைத்தார். ஆய்வகத்தை நடத்துவதோடு இயற்கை அறிவியல், கணிதம், மெய்யியல், வரலாறு, மொழியியல் ஆகிய துறைகளுக்கும் உதவுவது அறக்கட்டளையின் நோக்கமாகும். ஆய்வகத்தின் முடிவுகளில் கோட்பாட்டு முக்கியத்துவமோ நடைமுறைப் பயனோ உள்ள எதுவும் மறைக்கப்படலாகாது என்பது அதன் விதிகளில் இடம்பெற்றது. தொழில் நிறுவனங்கள் தம் செய்முறைகளைப் பொத்திப் பாதுகாத்த காலத்தில் இத்தகைய விதி வியப்புக்குரியதாகும்.

தூய ஈஸ்ட்

1883ஆம் ஆண்டு இவ்விதிக்குச் சோதனை வந்தது. அவ்வாண்டு கார்ல்ஸ்பெர்க் பியரில் விரும்பத்தகாத கசப்பும் மணமும் தோன்றின. தொட்டிகளைச் சுத்தம் செய்தும் பயனில்லை. பாஸ்டரின் கருத்தைப் பின்பற்றியோர் பியர் கெடுவதற்குப் பாக்டீரியாக்களே காரணம் என எண்ணினர். ஆய்வகத்தின் உடலியங்கியல் பிரிவுத் தலைவராக இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் வேறொரு விளக்கத்தை முன்வைத்தார். ஆலையில் ஈஸ்ட் என்று அழைக்கப்பட்டது ஒரே இனம் அன்று. பல வகை ஈஸ்ட்டுகளின் கலவை என்றும், அக்கலவையில் புகுந்த காட்டு ஈஸ்ட் வகைகளே பியரைக் கெடுக்கின்றன என்றும் அவர் காட்டினார்.

ஈஸ்ட் கலவையை மிகுதியாக நீர்த்துப்போகச் செய்து, ஒரே ஒரு உயிரணுவைப் பிரித்தெடுத்து, அதிலிருந்து முழு வளர்ப்பையும் பெருக்கும் முறையை ஹான்சன் உருவாக்கினார். பாஸ்டரைப் பெரிதும் மதித்த யாக்கோப்சன் தொடக்கத்தில் இதனை ஏற்கத் தயங்கினார். எனினும் சோதித்துப் பார்க்க இசைந்தார். 1883 நவம்பரில் தூய ஈஸ்ட்டைக் கொண்டு ஆலையில் முதல் வடிப்பு நடைபெற்றது. முடிவு ஐயத்திற்கு இடமளிக்கவில்லை. விரைவில் ஆலை முழுவதும் அம்முறைக்கு மாறியது.

ஒவ்வொரு வடிப்பும் ஒரே தரத்தில் அமைவதை உறுதிசெய்யும் இம்முறையைத் தம் ஆலைக்கு மட்டும் உரியதாக வைத்துக்கொண்டிருந்தால் யாக்கோப்சன் பெரும் இலாபம் ஈட்டியிருக்க முடியும். ஆனால் அவர் காப்புரிமை எதையும் கோரவில்லை. முறை அச்சில் வெளியிடப்பட்டது. கேட்ட ஆலைகளுக்கு ஈஸ்ட்டும் கொடுக்கப்பட்டது. தொப்பிப் பெட்டியில் ஈஸ்ட்டைக் கொடையாகப் பெற்றுவந்தவர், நாற்பது ஆண்டுகள் கழித்து அதனைத் தூய்மைப்படுத்திப் பிறருக்கு வழங்கினார் எனலாம். ஹான்சன் இந்த ஈஸ்ட்டிற்குப் பின்னர், 1908இல், சாக்கரோமைசெஸ் கார்ல்ஸ்பெர்கென்சிஸ் எனப் பெயரிட்டார். இது தற்போது சாக்கரோமைசெஸ் பாஸ்டோரியானஸ் என்ற இனத்தில் சேர்க்கப்படுகிறது. இது இரு ஈஸ்ட் இனங்களின் கலப்பினம் என்று அறியப்பட்டுள்ளது. குளிரைத் தாங்கும் பெற்றோர் இனம் தென்னமெரிக்காவின் பட்டகோனியாவில் கண்டறியப்பட்ட செய்தி 2011இல் வெளியானது.

மகனுடன் பிணக்கு

கார்லைத் தம் வாரிசாக உருவாக்குவதில் யாக்கோப்சன் மிகுந்த கண்டிப்புடன் இருந்தார். 1866ஆம் ஆண்டு முதல் நான்கு ஆண்டுகள் கார்ல் வெளிநாட்டு ஆலைகளில் பயிற்சி பெற்றார். திரும்பி வந்ததும், தந்தை கட்டிய துணை ஆலையைக் குத்தகைக்கு எடுத்து 1871 முதல் நடத்தினார். கார்ல் உற்பத்தியை வேகமாகப் பெருக்கினார். அதற்காகப் பியரை நிலவறையில் வைத்திருக்கும் காலத்தைக் குறைத்தார். மக்கள் விரும்பி வாங்குகின்றனர் என்பது மகனின் வாதம். நன்கு முதிராத பியரை விற்பது கார்ல்ஸ்பெர்க் என்ற பெயருக்கே இழுக்கு என்பது தந்தையின் வாதம். மகனின் உற்பத்தி தந்தையின் உற்பத்திக்கு ஈடாக வளர்ந்தபோது பிணக்கு முற்றியது. 1880ஆம் ஆண்டு துணை ஆலையை விட்டு வெளியேறுமாறு தந்தை அறிவித்தார்.

கார்ல் பக்கத்து நிலத்திலேயே வேறொரு ஆலையைக் கட்டினார். பெயர் தொடர்பாகவும் வழக்கு எழுந்தது. முடிவில் தந்தையின் ஆலை பழைய கார்ல்ஸ்பெர்க் எனவும் மகனின் ஆலை புதிய கார்ல்ஸ்பெர்க் எனவும் வழங்கலாயின. இரண்டுக்கும் இடையே சென்ற தெருவின் பெயரில்கூட இருவரும் உடன்படவில்லை. தந்தை அதனை அலையன்ஸ் தெரு என்றார். மகன் பாஸ்டர் தெரு என்றார். இரு தரப்பினரும் தத்தம் பெயர்ப்பலகைகளை நட்டனர். தந்தை பெரிதும் போற்றிய அறிவியலாளரின் பெயரையே மகன் தேர்ந்தெடுத்தது குறிப்பிடத்தக்கது.

1882ஆம் ஆண்டு யாக்கோப்சன் தம் உயிலை மாற்றி எழுதினார். அதன்படி பழைய கார்ல்ஸ்பெர்க் ஆலை அவருடைய மறைவுக்குப் பின் அறக்கட்டளையைச் சேரும். உடனடி இலாபத்தைக் கருதாமல் தயாரிப்பை இயன்றவரை செம்மைப்படுத்துவதே ஆலையின் நிலையான நோக்கமாக இருக்க வேண்டும் என்றும், அதன் பியர் பிறருக்கு முன்மாதிரியாக விளங்க வேண்டும் என்றும் அவ்வுயிலில் வலியுறுத்தினார்.

பொதுவாழ்வும் கொடைகளும்

யாக்கோப்சன் கோப்பன்ஹேகன் நகரசபையிலும் டேனிஷ் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருந்தவர். 1859ஆம் ஆண்டு டிசம்பரில் பிரடெரிக்ஸ்போர்க் அரண்மனை தீக்கிரையானபோது அதன் மறுசீரமைப்பிற்குப் பொருளுதவி செய்தார். பின்னர் அவருடைய முன்மொழிவின்படி 1878ஆம் ஆண்டு அவ்வரண்மனையில் தேசிய வரலாற்று அருங்காட்சியகம் நிறுவப்பட்டு, அறக்கட்டளையின் பொறுப்பில் விடப்பட்டது. கோப்பன்ஹேகன் தாவரவியல் பூங்காவில் 1874இல் கட்டி முடிக்கப்பட்ட கண்ணாடிப் பனைமர இல்லமும் இவருடைய முயற்சியாலும் உதவியாலும் உருவானதாகும்.

இறுதிக் காலம்

1886ஆம் ஆண்டு தந்தையும் மகனும் சமாதானமாயினர். அடுத்த ஆண்டு இத்தாலிக்குச் சென்றிருந்த யாக்கோப்சன் நோயுற்று, 1887 ஏப்ரல் 30ஆம் நாள் உரோமை நகரில் காலமானார். அவருடைய கல்லறை வால்பியில் கார்ல் கட்டிய இயேசு தேவாலயத்தில் அமைந்துள்ளது. சமாதானம் ஏற்பட்டபோதிலும் ஆலை அறக்கட்டளைக்கே சென்றது. கார்ல் அதனை எதிர்க்கவில்லை; மாறாக, 1902ஆம் ஆண்டு தம் ஆலையையும் அதே அறக்கட்டளைக்கு அளித்தார். 1906ஆம் ஆண்டு இரு ஆலைகளும் ஒன்றாக இணைந்தன. கோப்பன்ஹேகனின் புகழ்பெற்ற சிறிய கடற்கன்னிச் சிலையை நகருக்கு வழங்கியவரும் கார்ல் யாக்கோப்சனே ஆவார். 1913இல் அச்சிலை திறக்கப்பட்டது. மறு ஆண்டு அவர் காலமானார்.

ஆய்வகத்தின் பிற்காலப் பங்களிப்புகள்

யாக்கோப்சனின் ஆய்வகத்தில் நிகழ்ந்த பல கண்டுபிடிப்புகள் பியருக்கு அப்பாலும் பயன்படுகின்றன. யொஹான் கெல்டால் 1883இல் வெளியிட்ட நைட்ரஜன் அளவிடும் முறை, தானியங்களிலும் பாலிலும் உள்ள புரதத்தைக் கணக்கிட இன்றும் உணவு ஆய்வகங்களில் கையாளப்படுகிறது. வாற்கோதுமையின் புரத அளவை அறிய வேண்டிய தேவையே இம்முறைக்குக் காரணமாயிற்று. வேதியியல் பிரிவின் தலைவர் எஸ். பி. எல். சோரன்சன் 1909ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய பி.எச். அளவுகோல் பள்ளி மாணவர்களும் அறிந்த ஒன்றாகும். நொதிகளின் செயல்பாடு கரைசலின் அமிலத்தன்மையைப் பொறுத்து மாறுவதை ஆராய்ந்தபோதே அவர் அவ்வளவுகோலை வகுத்தார்.

யாக்கோப்சன் தம் இல்லத்தையும் பொதுப்பணிக்கு விட்டுச் சென்றார். பொம்பெய் நகர வீடுகளின் பாணியில் அமைந்த அந்த மாளிகை, நாட்டிற்குச் சிறப்புச் சேர்த்த ஓர் அறிஞர் வாழ்நாள் முழுவதும் வசிப்பதற்கு வழங்கப்பட்டது. இயற்பியலாளர் நீல்ஸ் போர் 1932 முதல் 1962இல் தாம் இறக்கும் வரை அங்கு வாழ்ந்தார்.

ஆலை வளாகம் இன்று

வால்பி வளாகத்தில் பெருமளவு பியர் உற்பத்தி 2008ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டு, யூட்லாந்தின் பிரெடரிசியா நகர ஆலைக்கு மாற்றப்பட்டது. பழைய ஆலை நிலம் குடியிருப்புகளும் கடைகளும் கொண்ட நகர்ப்பகுதியாக மாறியுள்ளது. எனினும் வரலாற்றுக் கட்டடங்கள் பாதுகாக்கப்பட்டுள்ளன. 2018இல் புதுப்பிப்பதற்காக மூடப்பட்ட பார்வையாளர் மையம் 2023 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. வழிகாட்டியின் துணையுடன் வளாகத்தைச் சுற்றிப் பார்க்கும் வசதியும் உண்டு.

கார்ல் 1901இல் எழுப்பிய யானை வாயில் பார்வையாளர்களை மிகவும் கவரும் இடமாகும். கருங்கல்லாலான நான்கு யானைகள் கோபுரத்தைத் தாங்கி நிற்கின்றன. அவற்றின்மீது இந்தியர்களுக்கு நன்கு அறிமுகமான சுவஸ்திகா பொறிக்கப்பட்டுள்ளது. நாசிக் கட்சி தோன்றுவதற்கு முன்பே கார்ல் அதனை மங்கலச் சின்னமாகத் தம் ஆலைக்குப் பயன்படுத்தினார்.

2005ஆம் ஆண்டு இவ்வளாகத்தில், சிறு அளவில் தனிச்சுவைப் பியர்களைத் தயாரிக்கும் ஆலையொன்று யாக்கோப்சன் என்ற பெயரிலேயே தொடங்கப்பட்டது. 2013இல் பழைய நிலவறையில் கிடைத்த 1883ஆம் ஆண்டைச் சேர்ந்த பியர் புட்டியில் உயிருள்ள ஈஸ்ட் அணுக்கள் இருப்பதை ஆய்வக அறிவியலாளர்கள் கண்டனர். அதனைப் பெருக்கி, அக்காலச் செய்முறைப்படி பியர் வடித்து, 2016ஆம் ஆண்டு சுவைக்கக் கொடுத்தனர். கார்ல்ஸ்பெர்க் நிறுவனத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை யாக்கோப்சன் ஏற்படுத்திய அறக்கட்டளையிடமே உள்ளது. ஆலையின் இலாபத்தில் அறக்கட்டளைக்குக் கிடைக்கும் பங்கு, டென்மார்க்கில் அடிப்படை அறிவியல் ஆய்வுகளுக்குத் தொடர்ந்து செலவிடப்பட்டு வருகிறது.